கொட்டேஜ் ஷோவில எங்கட சனம் நிக்காமல் போற மூலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன மாசம் உங்கட பத்திரிகையில நடுப்பக்கம் முழுக்க கொட்டேஜ், அதுதான் ஏரிக்கரை விடுமுறை வீடு, வாங்கிறதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படங்கள் நல்ல வடிவு, ஏரிக்கரையில ரெண்டு மரக்கதிரை, பின்னால சிவந்துபோன மேப்பிள் மரம், கீழ ஒரு றியல் எஸ்ரேற் விளம்பரம். அதை வாசிச்ச சூட்டோடதான் நானும் என்ர மச்சானும், அவர் என்ர மனிசியின்ர தமையன், மிசிசாகாவில ஏர்போட் றோட்டில இருக்கிற இன்ரர்நாஷனல் சென்ரரில வசந்தகாலத்தில நடக்கிற கொட்டேஜ் ஷோவுக்குப் போனனாங்கள். அங்க கண்டதை உங்களுக்கு எழுத வேணும் எண்டு ரெண்டு கிழமையா நினைச்சு இண்டைக்குத்தான் இருந்து ரைப் பண்ணுறன். கொஞ்சம் நீண்டுபோகும், ஆனால் தயவுசெய்து வெட்டாமல் போடுங்கோ, இதுக்குள்ள பிள்ளையளின்ர உயிர் சம்பந்தப்பட்ட விசயமும் இருக்கு.

முதல்ல நாங்கள் ஆர் எண்டு சொல்லிப்போடுறன். எங்களிட்டச் சொந்தமா கொட்டேஜ் இல்லை. ஸ்காபரோவிலயும் மார்க்கத்திலயும் இருக்கிற நாலு குடும்பம், ரொறன்ரோவுக்கு வடக்க ஏரியள் நிறைஞ்ச கவார்த்தா பக்கம், ஹலிபேர்ட்டன் பக்கம், ஒருக்கா மஸ்கோக்கா எண்டு பதினொரு வருசமா ஒவ்வொரு சமருக்கும் வாடகைக்கு எடுத்துப் போய் வாறம். இப்ப ஒண்டைச் சேந்து வாங்குவம் எண்டு கதை நடக்குது. இது எங்கட வீட்டில மட்டும் நடக்கிற கதையில்லை, எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் ஒரு மேசையில உதுதான் கதை.

ஷோ எண்டால் சின்னக் கண்காட்சி எண்டு நினைக்காதேங்கோ, ஹோல் ஹோலா நடக்க வேணும், எனக்குக் கால் உளைஞ்சு போச்சு. உள்ள போன உடன கண்ணுக்கு முன்னால நிக்கிறது போட், பொன்ரூன் போட், சுடுதண்ணித் தொட்டி, முழுசா ஒரு மரவீட்டையே கொண்டுவந்து கட்டி வைச்சிருக்கினம், அதுக்குள்ள சனம் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறிப் பாத்துக்கொண்டு நிக்குது. டொக், போட் கட்டுற மேடை, அது மட்டும் எத்தனை விதம், மிதக்கிறது, காலூண்டினது, கரையில இருந்து தூக்கி வைக்கிறது. எங்கட ஆக்களும் கன பேரைக் கண்டம், பிள்ளையளோட வந்திச்சினம், அம்மாக்களைச் சக்கர நாற்காலியில வைச்சுத் தள்ளிக்கொண்டும் வந்திச்சினம், பாக்கவே சந்தோசமா இருந்தது. ஆனால் எல்லாரும் நிண்டது உந்தப் பளபளப்புக்கு முன்னாலதான். சுவர்க்கரையோட, வோஷ்றூமுக்குப் போற பாதையில, சின்னச் சின்ன மேசை போட்டு ஒண்டும் விக்காமல் விளக்கம் சொல்லிக்கொண்டு நிண்ட ஆக்களிட்ட எங்கட சனம் ஒருத்தரும் நிக்கேல்ல. ஒரு மணித்தியாலத்துக்கு மேல நான் அந்தப் பக்கம் நிண்டன், தமிழ் ஆக்களா என்னோட நிண்டது என்ர மச்சானும் அவற்ற மகளும் மட்டும்தான்.

அந்த மூலையைப் பற்றித்தான் எழுத வந்தனான்.

செப்ரிக் ராங், வீட்டுக் கழிவுத் தண்ணி போய்ச் சேருற நிலத்தடித் தொட்டி, அதை விளங்கப்படுத்துற ஒரு மேசை இருந்தது. ஒரு பிளாஸ்ரிக் ராங்கை நடுவால அறுத்து வைச்சிருந்தவை, உள்ளுக்கு எல்லாம் தெரியிற மாதிரி. மேல மஞ்சள் பெயின்ற் அடிச்சது எண்ணெய், கொழுப்பு மிதக்கிற படை, நடுவில நீலம் அடிச்சது தெளிஞ்ச தண்ணி, அடியில மண்ணிறம் அடிச்சது மண்டி. நடுவில இருக்கிற தண்ணி மட்டும்தான் அங்கால போகும், போய் மண்ணுக்குள்ள ஓட்டை போட்ட பைப்புகளால கசிஞ்சு இறங்கும், அங்க மண்ணில இருக்கிற பக்ரீரியாக்கள்தான் அதைச் சுத்தமாக்கிறது. மேல் படையும் அடிப்படையும் சேந்து ராங்கில மூண்டில ஒரு பங்கு வந்திட்டால் உடன ஆளைக் கூப்பிட்டு உறிஞ்ச வேணும், சாதாரணமா மூண்டு தொடக்கம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. அதை விட்டால் கொழுப்பும் மண்டியும் அந்தப் பைப்புக்குள்ள போய் அடைச்சு முழு நிலமும் வீணாப்போகும், திருப்பிச் செய்யிறதெண்டால் பெரிய காசு.

அந்த மேசையில நிண்டவர் வயசான மனிசன், கையெல்லாம் காய்ச்சுப்போய், பேச்சு மெதுவா. என்னைப் பாத்து முதல் கேட்ட கேள்வி, உங்கட கொட்டேஜில எத்தனை பெட்றூம் எண்டு. நான் மூண்டு எண்டன். ரெண்டாவது கேள்வி, எத்தனை பேர் வருவினம். நான் பொய் சொல்லேல்ல, இருபது இருபத்திமூண்டு பேர் வருவம் எண்டன். அவர் சிரிக்கேல்ல. ஒரு துண்டுப் பேப்பரை எடுத்துப் பென்சிலால 1,600 எண்டு எழுதினார். ஒன்ராறியோ பில்டிங் கோட்டில மூண்டு பெட்றூம் வீட்டுக்கு ஒரு நாளுக்கு 1,600 லீற்றர் கழிவுத் தண்ணி எண்டுதான் கணக்குப் போட்டு செப்ரிக் கட்டுறது, ரெண்டு பெட்றூம் எண்டால் 1,100, நாலு எண்டால் 2,000. அதுக்குக் கீழ 23ஐ 200ஆல பெருக்கி எழுதினார், ஒரு ஆள் குளிச்சு, ரொய்லெற் பாவிச்சு, சாமான் கழுவ 200 லீற்றர் எண்டு வைச்சால் 4,600. ரெண்டு இலக்கத்தையும் பென்சிலால வட்டம் போட்டு என்ர கையில தந்தார். அந்தத் துண்டு இப்பவும் என்ர வொலற்றுக்குள்ள கிடக்கு.

எனக்கு அந்த இடத்தில நெஞ்சு திக்கெண்டு போச்சு, ஏனெண்டால் நாங்கள் உதைச் செய்துபோட்டுத்தான் வந்து நிண்டனாங்கள். மூண்டு வருசத்துக்கு முதல் ஓகஸ்ற் லோங் வீக்கெண்டுக்குக் கவார்த்தா பக்கம் ஒரு மூண்டு பெட்றூம் கொட்டேஜ் எடுத்தனாங்கள், மாமியின்ர அறுபதாவது பிறந்தநாள், இருபத்திமூண்டு பேர். ஆட்டிறைச்சிக் கறி, புரியாணி, ரெண்டு பெரிய அண்டா, எல்லாத்தையும் கொதிதண்ணி விட்டுக் கழுவி சிங்குக்குள்ளயே ஊத்தினம், கொழுப்பெல்லாம் அதோட போகுது எண்டு நினைச்சம். கராஜ் பக்கம் இடம் காணாமல் மூண்டு வானைப் புல்லுக்கு மேல விட்டம், நல்ல சமனான புல்லு, மரம் ஒண்டும் இல்லாத இடம். ரெண்டாம் நாள் விடிய ரொய்லெற் களகளவெண்டு சத்தம் போட்டுது, பிறகு குளிக்கிற இடத்துக் குழியால கறுத்தத் தண்ணி மேல வந்தது, மத்தியானம் வான் நிண்ட புல்லுப் பக்கம் காலை வைச்சால் சதக்குச் சதக்கெண்டு நாறுது. சின்னனுகள் அதுக்கு மேலதான் பந்து அடிச்சுக்கொண்டிருந்ததுகள்.

வீட்டுக்காரி வந்தா, வயசான வெள்ளைக்கார மனிசி. கத்தேல்ல. பிரிட்ஜைத்தான் காட்டினா. பிரிட்ஜில ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்திருக்கு, எட்டுப் பேருக்கு மேல தங்கக்கூடாது, புல்லில வாகனம் விடக்கூடாது, கொழுப்பு ஊத்தக்கூடாது எண்டு. நாங்கள் கேக் பெட்டியளை அதுக்கு முன்னால அடுக்கி வைச்சிருந்தம். அந்த மனிசியின்ர முகம் எனக்கு இண்டைக்கும் மறக்கேல்ல. மரம் இல்லாத அந்தச் சமனான புல்லுத்தான் செப்ரிக்கின்ர நிலம், வேர் போய்ப் பைப்பை உடைக்கும் எண்டுதான் அதில மரம் நடாமல் விடுறது, அதுக்கு மேல மூண்டு வானை விட்டால் மண் இறுகிக் காத்துப் போகாமல் போகும். உது எல்லாம் எனக்கு அந்த மேசையில நிண்டபிறகுதான் தெரியும். பதினொரு வருசமாக் கொட்டேஜ் போறம், ஒருத்தரும் எங்களுக்குத் தமிழில இதைச் சொல்லேல்ல, நாங்களும் கேக்கேல்ல.

கிணறு இருக்கிற கொட்டேஜ் எண்டால் இன்னும் கவனம். கசிவு நிலத்துக்கும் துளைச்சுக் குழாய் இறக்கின கிணத்துக்கும் இடையில 15 மீற்றர் இருக்க வேணும், கையால வெட்டின கிணறெண்டால் 30 மீற்றர். ஊரில கிணத்தடியையும் கக்கூசையும் எவ்வளவு தள்ளி வைக்கிறது எண்டு எங்கட அப்பாமாருக்கு நல்லாத் தெரியும், அந்த அறிவு எங்களிட்ட இருந்தது, இஞ்ச வந்து எல்லாத்தையும் நிலத்துக்குக் கீழ தாட்டு வைச்சிருக்கிறதால மறந்து போனம். ஏரித் தண்ணியை நேர பம்ப் பண்ணிப் பாவிக்கிற வீடுகளுக்குக் கிருமியைக் கொல்லுற யூவி லைற் பூட்டுவினம், அதைப் பற்றியும் பக்கத்து மேசையில ஒரு பெடியன் சொன்னான், முதல்ல 5 மைக்ரோன் பில்ரரால கலங்கலை எடுக்காட்டில் அந்தக் கலங்கலுக்குப் பின்னால கிருமி ஒளிச்சுக்கொண்டு லைற்றைத் தாண்டிப் போயிடும் எண்டு, லாம்பும் வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும், வெளிச்சம் தெரியுது எண்டு விட்டிருக்கக்கூடாது. வாடகைக்குப் போற இடத்தில இதைக் கேட்டுப் பாருங்கோ, கேக்கிறதில வெக்கம் ஒண்டும் இல்லை.

இனி எழுதப் போறதுதான் எனக்கு முக்கியம்.

தண்ணிப் பாதுகாப்பு மேசை ஒண்டு, ரெண்டு இளம் பிள்ளையள் நிண்டவை. மச்சானின்ர மகளுக்கு ஆறு வயசு. அந்த மேசையில நிண்ட பெட்டை கீழ குந்தி இருந்து, உன்னட்ட லைஃப் ஜாக்கெற் இருக்கோ எண்டு அவளிட்டயே கேட்டா, அவள் ஓம், பிங்க் கலர், பெரிசு எண்டாள். எவ்வளவு பெரிசு எண்டு கேக்க, அவள் கையைக் காதுமட்டும் உயத்திக் காட்டினாள். பெட்டை உடன மேசையில கிடந்த ரெண்டு ஜாக்கெற்றை எடுத்து, முதல்ல ஒரு சைஸ் கூடினதைப் போட்டு எல்லாப் பட்டியும் பூட்டி, தோள் ரெண்டையும் பிடிச்சு மேல இழுத்தா. ஜாக்கெற் அப்படியே ஏறி நாடியைத் தாண்டி வாயை மூடி மூக்குமட்டும் வந்திட்டுது, பிள்ளையின்ர கண் மட்டும்தான் வெளியில தெரிஞ்சது. பிறகு அளவானதைப் போட்டு இழுத்தா, அசையேல்ல. தண்ணிக்குள்ள விழுந்தால் தண்ணி செய்யிற வேலை இதுதான் எண்டு சொன்னா. ஜாக்கெற் மேல மிதக்கும், பிள்ளை அதுக்குள்ளால வழுக்கிக் கீழ போகும்.

மச்சான் ஒண்டும் கதைக்கேல்ல, பிள்ளையைத் தூக்கித் தோளில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிண்டார். நாங்கள் எல்லாரும் இதைத்தானே செய்யிறம். சட்டை வாங்கினாலும் சப்பாத்து வாங்கினாலும் வாற வருசமும் போடலாம் எண்டு ஒரு சைஸ் கூட எடுக்கிறது எங்கட பழக்கம், கஸ்ரப்பட்டு வந்த சனத்துக்கு அது நல்ல பழக்கமும்தான். ஆனால் லைஃப் ஜாக்கெற் வளர்ந்து போடுற சாமான் இல்லை. வயசைப் பாத்து வாங்கக்கூடாது, நிறையைப் பாத்து வாங்க வேணும், உள் பக்க லேபிளில இத்தனை இறாத்தல் தொடக்கம் இத்தனை இறாத்தல் எண்டு போட்டிருக்கும், ட்ரான்ஸ்போர்ட் கனடா அங்கீகரிச்சது எண்டும் இருக்க வேணும். கடையில விக்கிற காத்தடிக்கிற கை வளையம், வாத்து, ரியூப் எல்லாம் விளையாட்டுச் சாமான், உயிர் காக்கிற சாமான் இல்லை.

சட்டம் என்னெண்டால் போட்டில எத்தனை பேர் ஏறுகினமோ அத்தனை பேருக்கும் அளவான ஜாக்கெற் போட்டுக்குள்ள இருக்க வேணும். போடாமல், உடன எடுக்கக்கூடிய மாதிரிச் சீற்றுக்குக் கீழ வைச்சிருந்தாலும் பொலிஸ் பிடிக்காது. ஆனால் போட் கவிழேக்க சீற்றுக்குக் கீழ கிடக்கிறதை எடுத்துப் பட்டி பூட்டுறது நடக்கிற காரியமா? ஏறேக்கயே எல்லாரும், பெரிய ஆக்களும், நீந்தத் தெரிஞ்ச ஆக்களும் போடுங்கோ. மோட்டர் பூட்டின போட் ஓட்டுறதெண்டால் அதுக்கான கார்ட் எடுத்திருக்க வேணும், 2009 செப்ரெம்பர் தொடக்கம் எல்லா வயசுக்காரருக்கும் அது சட்டம். கரையில இருந்து 30 மீற்றருக்குள்ள மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல போகக்கூடாது, அங்கதான் பிள்ளையள் குளிக்கிறது. குடிச்சிட்டு ஓட்டினால் கார் ஓட்டின குற்றம்தான்.

இன்னொண்டு, எங்கட ஆக்களுக்கு விளங்கவே விளங்காத விசயம், குளிர். நாங்கள் பிறந்து வளந்த இடத்தில கடலும் குளமும் வெதுவெதுப்பு, தண்ணிக்குள்ள விழுந்தவன் நீந்தத் தெரிஞ்சால் தப்புவான் எண்டுதான் எங்கட கணக்கு. இஞ்ச ஹலிபேர்ட்டன் பக்கம் ஏரியளில ஐஸ் உருகி முடியவே ஏப்ரல் கடைசி ஆகும், மே லோங் வீக்கெண்டில வெளியில நல்ல வெயில் அடிக்கும், ரீ சேர்ட்டோட நிக்கலாம், தண்ணி ஐஸ் மாதிரிக் கிடக்கும். மனிற்றோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் எண்டவர் குளிர் தண்ணியில மனிச உடம்புக்கு என்ன நடக்குது எண்டு தானே இறங்கி இறங்கி ஆராய்ச்சி செய்தவர், அவர் 1-10-1 எண்டு ஒரு கணக்குச் சொல்லுறவர். முதல் 1 நிமிசம் மூச்சு இழுத்து இழுத்து அடங்காது, அந்த நேரம் வாய் தண்ணிக்குள்ள போனால் அவ்வளவுதான், பதறாமல் மூச்சைப் பிடிச்சுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர வேணும். பிறகு 10 நிமிசம் வரைக்கும்தான் கை கால் சொன்னது கேக்கும், அதுக்குள்ள வெளியில ஏறவோ எதையாவது பிடிக்கவோ பாக்க வேணும். அதுக்குப் பிறகு 1 மணித்தியாலம் போலதான் குளிரில நினைவு தப்பும். அப்ப பாருங்கோ, ஆளைக் கொல்லுறது கனதரம் அந்த ஒரு மணித்தியாலக் குளிர் இல்லை, முதல் ஒரு நிமிசமும் அடுத்த பத்து நிமிசமும். ஜாக்கெற் போட்டவனுக்குத்தான் மற்ற ஒரு மணித்தியாலம் கிடைக்குது.

இதைக் கேக்கேக்க எனக்கு எங்கட ஒரு நண்பற்ற தம்பி ஞாபகம் வந்தது. ஊரில நல்ல நீச்சல்காரன், மே மாசம் டொக்கில இருந்து பாஞ்சவன், பாஞ்ச உடன கத்தவும் ஏலாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான், பக்கத்தில நிண்ட ஒரு கனோக்காரன் துடுப்பை நீட்டினபடியால்தான் இண்டைக்கு உயிரோட இருக்கிறான். அவன் விளையாடுறான் எண்டு நாங்கள் எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். தாழுறவன் கையைத் தட்டிக் கத்துவான் எண்டு படத்தில பாத்தது, அது அப்படி இல்லை, சத்தமே வராது.

இனி வாங்கப் போற ஆக்களுக்கு ரெண்டு மூண்டு சொல்லிப்போட்டு முடிக்கிறன். ஷோவில சின்ன மரக்குடில் விக்கிற ஒரு இடத்தில, விருந்தாளியள் படுக்கக் கொட்டேஜுக்குப் பக்கத்தில வைக்கிறது, அவர் 150 சதுர அடிக் குடிலைக் காட்டி, இப்ப சட்டம் மாறியிட்டுது, பெர்மிற் தேவையில்லை எண்டு அடிச்சுச் சொன்னார், மச்சான் டிப்பொசிற் கட்டக் கார்ட்டை எடுத்திட்டார். நான் தான் கையைப் பிடிச்சு, திங்கக்கிழமை கேட்டுப்போட்டுக் கட்டுவம் எண்டு இழுத்துக்கொண்டு வந்தனான். திங்கக்கிழமை நாங்கள் காணி பாக்கிற இடத்து ரவுன்ஷிப்புக்கு, அதுதான் உள்ளூராட்சி ஒபிசுக்கு, ஃபோன் பண்ணினால் அந்த ஒபிசர் வடிவா விளங்கப்படுத்தினா. 2022இல 15 சதுர மீற்றருக்கு உயத்தினது சாமான் போட்டு வைக்கிற கொட்டிலுக்கு மட்டும், அதுக்குள்ள பைப் வேலையும் இருக்கக்கூடாது. ஆள் படுக்கிற குடிலெண்டால் பழையபடி 10 சதுர மீற்றர், அதாவது 108 சதுர அடிக்கு மேல போனால் பெர்மிற் எடுக்கத்தான் வேணும், அதுக்குக் குறைவெண்டாலும் தண்ணிக்கரையில இருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறது, அந்தக் காணியில வைக்கலாமோ எண்டது ரவுன்ஷிப்பின்ர சோனிங் விதி, எந்தக் காணியில என்ன கட்டலாம் எண்டு சொல்லுற விதி. வித்தவருக்கு அது தெரியாதோ, தெரிஞ்சும் சொல்லேல்லையோ, எங்கட காசு எங்களுக்குத் தப்பினது ஒரு ஃபோன் கோலால.

அந்த ஒபிசர்தான் இன்னொண்டும் கேட்டா, காணி தண்ணிமட்டும் உங்கடதோ எண்டு. கன ஏரியளைச் சுத்தி ஆதியில அளந்தபோதே 66 அடி அகலத்துக்குக் கரையோர றோட்டுக்கு எண்டு விட்டிருக்கினம், றோட் போடவே இல்லை, ஆனால் அந்தத் துண்டு இண்டைக்கும் ரவுன்ஷிப்பின்ர பேரில இருக்கலாம், முந்தி இருந்தவை வாங்கி மூடாமல் விட்டிருந்தால் கொட்டேஜின்ர முன்பக்கமே மற்றவன்ர காணியில நிக்கும். ஏரிக்கு அடியில இருக்கிற நிலம் பெரும்பாலும் அரசாங்கத்தின்ரது. லோயரிட்ட இதைக் கட்டாயம் கேக்க வேணும்.

ஹலிபேர்ட்டன் பக்கம் பாக்கிற ஆக்கள் ஜூன் மாசத்தில மட்டும் போய்ப் பாத்துப்போட்டுக் கையெழுத்து வைக்காதேங்கோ. ஏரிச் சங்க மேசையில, ஏரியைச் சுத்தி வீடு வைச்சிருக்கிறவையின்ர சங்கம், அதில நிண்ட ஒரு ரிட்டயரான ரீச்சர் சொன்னது இது, எனக்கு முதல் தெரியாது. ட்ரென்ற் செவேர்ன் நீர்வழி எண்டு ட்ரென்ரனில இருந்து போர்ட் செவேர்ன் வரைக்கும் 386 கிலோமீற்றர், பார்க்ஸ் கனடாவின்ர பொறுப்பு, அதுக்குத் தண்ணி காணாமல் போகேக்க மேல இருக்கிற ஹலிபேர்ட்டன் தேக்க ஏரியளில இருந்துதான் அணைக்கட்டைத் திறந்து விடுறது. அதனால சில ஏரியளில செப்ரெம்பர் வர டொக்குக்கு முன்னால சேறும் கல்லும்தான் கிடக்கும். ஜூனில பாத்தவர் ஒரு வீட்டை வாங்குறார், செப்ரெம்பரில வேற வீட்டுக்கு வந்து நிக்கிறார் எண்டு அந்த ரீச்சர் சொன்னா. இந்த ஏரிச் சங்கங்களின்ர கூட்டமைப்பு ஒன்ராறியோவில 1963இல இருந்து இருக்கு, வாங்குறவை முதல் வேலையா அந்த ஏரியின்ர சங்கத்தில சேந்தால் உதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லித் தருவினம். போட்டை ஒரு ஏரியில இருந்து இன்னொரு ஏரிக்கு றோட்டால கொண்டு போறதெண்டால் அடித் தக்கையைத் திறந்து தண்ணியை வடிச்சு, ஒட்டின பாசியெல்லாம் துடைச்சுத்தான் கொண்டு போக வேணும் எண்டு 2022 ஜனவரியில இருந்து சட்டம், அதையும் அவாதான் சொன்னா, போட்டில ஒட்டி ஏரிக்கு ஏரி பரவுற சீப்ரா மட்டி ஒட்டின ஒரு பைப்புத் துண்டைக் கையில தந்து தடவிப் பாக்கச் சொன்னா, கை கீறிப்போடும்போல கூர்.

சேந்து வாங்கிறதைப் பற்றி ஒரு வரி. வீட்டை விக்கேக்க வாற லாபத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு வீட்டுக்குத்தான் ஒரு நேரத்தில வரி விலக்கு, 1982இல இருந்து கணவன் மனைவி ஆளுக்கொண்டு எண்டு காட்டேலாது. நாலு குடும்பம் சேந்தால் ஆர் எந்தக் கிழமை, செலவு எப்பிடி, ஒருத்தர் விலக வேணுமெண்டால் என்ன விலை எண்டு எல்லாத்தையும் லோயரிட்ட எழுதி வையுங்கோ. எங்களுக்குள்ள என்ன எழுத்து எண்டு சொல்லித்தான் கன சகோதரங்கள் இண்டைக்குக் கதை பேச்சில்லாமல் இருக்கினம்.

ஆசிரியர் ஐயா, உங்கட பத்திரிகை ஒவ்வொரு கிழமையும் தமிழ்க் கடையளில வாசலில அடுக்கி வைச்சிருக்கும், அப்பா அம்மாமார் மரக்கறி வாங்கேக்க ஒண்டை எடுத்துக்கொண்டு போவினம். கொட்டேஜுக்குப் பேரப்பிள்ளையளோட போய், மற்ற ஆக்கள் பார்பிகியூ போடேக்க தண்ணிக்கரையில கதிரை போட்டு இருந்து பிள்ளையளைப் பாக்கிறதும் அவைதான். அவைக்கு இங்கிலீஷ் நோட்டீஸ் பிரயோசனம் இல்லை. விளம்பரம் போட வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்ல, பத்திரிகை நடக்க வேணும், அது எனக்கு விளங்குது. மே லோங் வீக்கெண்டுக்கு முதல் வாற இதழில அரைப் பக்கம் தாங்கோ. லைஃப் ஜாக்கெற்றைத் தோளில பிடிச்சு இழுத்துப் பாக்கிறது எப்பிடி எண்டு ஒரு படத்தோட, குளிர் தண்ணியின்ர அந்த 1-10-1 கணக்கு, கொழுப்பைச் சிங்குக்குள்ள ஊத்தாமல் ரின்னுக்குள்ள விட்டு ஆறவிட்டு எறியிறது, புல்லில வான் விடாதது. மச்சானின்ர மகளை வைச்சு நாங்களே படம் எடுத்து அனுப்புறம், அவள் இப்பவே வீட்டுக்கு வாற பிள்ளையள் எல்லாரையும் பிடிச்சு ஜாக்கெற் போட்டு இழுத்துப் பாத்துக்கொண்டுதான் திரியிறாள். அந்த பிங்க் ஜாக்கெற்றை மச்சான் ஷோவால வந்த அண்டைக்கே பட்டியை வெட்டிக் குப்பையில போட்டிட்டார், வேற ஆரும் எடுத்துத் தங்கட பிள்ளைக்குப் போட்டிடக்கூடாது எண்டு.

இப்படிக்கு,
ஸ்காபரோவில இருந்து ஒரு வாசகர்